ஆண்டைக் கொடுத்துத் தேடியபோது கண்டவை: உங்கள் அனுபவம் என்ன?

அல்சூர்வாசி

1858 என்று மட்டும் கொடுத்து, வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றின் இணையச் சேகரிப்பில் தேடினேன். கிளர்ச்சிக்குப் பிந்தைய லக்னோ, டெல்லி இடிபாடுகளின் படங்களுக்கு நடுவே, லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேயப் புகைப்படக்காரர் எடுத்த தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுப் படம் வந்தது. விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் எழுத்துகளை அவர் 21 படங்களாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே பட்டையாக ஒட்டியிருக்கிறார். திரையில் அது நூலிழை போலத் தெரிந்தது. பெரிதாக்கிக்கொண்டே போனபோது ஓரிடத்தில் 'ட', பக்கத்தில் 'ப'. பள்ளியில் கன்னடம் படித்து, வீட்டில் அப்பாவிடம் தமிழ் எழுத்துக் கற்றவன் நான். சோழர் காலத்துக் கல்லில் இரண்டு எழுத்துகளை அடையாளம் கண்டதும் விரலைத் திரையிலிருந்து எடுக்க மனம் வரவில்லை. மறுவாரம் எவ்வளவு தேடியும் அது அகப்படவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மல்லேஸ்வரம் வாசகி

அல்சூர்வாசி அவர்களே, 1858 என்பது புகைப்படத்தின் ஆண்டு. அந்த எழுத்துகளுக்கு அது பொருந்தாது. குடமுழுக்கு நடந்த 1010ஐக் கொடுத்திருந்தால் இந்தப் படம் உங்களுக்கு வந்திருக்காது. இந்த வேறுபாட்டைத் தளங்கள் முகப்பிலேயே சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எனக்கு நேர்ந்தது நியூசிலாந்தின் தே பாப்பா அருங்காட்சியகப் பக்கத்தில். 1836 வாக்கில் வில்லியம் கோலன்சோ என்னும் கிறித்தவ மிஷனரி கண்ட வெண்கல மணி அது. மாவோரி மக்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தனராம். அதன் விளிம்பைச் சுற்றி, முகைதீன் என்பவருடைய கப்பலின் மணி என்று தமிழில் பொறித்திருக்கிறது. ஆண்டு மட்டும் பொறிக்கப்படவில்லை. கப்பல்காரரின் பெயரை எழுதியவர் ஒரு வருடத்தையும் எழுதியிருக்கக் கூடாதா என்று இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒயிட்ஃபீல்டு

டெல்லி தேசிய அருங்காட்சியகத்தின் மொகஞ்சதாரோ நடனப் பெண் என் திரை முழுவதையும் நிறைத்து நின்றாள், உயரம் 10.5 செ.மீ. என்று படித்ததும் திகைத்தேன். என் அனுபவம் அவ்வளவுதான்.

ஆனால் தேடும் முறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத் தரவில் ஒவ்வொரு பொருளுக்கும் தொடக்க ஆண்டு, முடிவு ஆண்டு என இரண்டு எண்கள் இருக்கும், கி.மு. ஆண்டுகள் கழித்தல் குறியோடு வரும். '18ஆம் நூற்றாண்டு' என்று மட்டும் அறியப்பட்ட பொருளுக்கு நூறு ஆண்டு இடைவெளியே பதிவாகும். ஆகவே 1750 என்று தேடுகிறவருக்கு, அந்த ஆண்டில் செய்யப்படாதவையும் வந்து குவியும்; ஆண்டே பதியாத பொருள் எந்த ஆண்டு வடிகட்டியிலும் சிக்காது. ஒற்றை ஆண்டைக் கொடுக்காமல் முன்னும் பின்னும் பத்தாண்டு சேர்த்துத் தேடுங்கள். பிடித்த பொருளின் பதிவு எண்ணை அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். இணைப்பு மாறினாலும் அந்த எண் பெரும்பாலும் மாறாது. ஊர்ப் பெயரையும் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும். ட்ரைப் காலத்துத் தலைப்புகளில் தஞ்சாவூர் 'டாஞ்சோர்' என்றே இருக்கிறது.

அல்சூர்வாசி

'டாஞ்சோர்', 1850 முதல் 1860 வரை என்று கொடுத்தேன், கிடைத்துவிட்டது. எண்ணையும் எழுதி வைத்துக்கொண்டேன். அப்பா இப்போது என் அருகில் அமர்ந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதல் படத்திலிருந்து பார்த்து வருகிறார். எட்டாவது படத்தில் இருக்கிறார்.