உதவி தேவை: செஃப் கிளஸ்டர்ல ரெண்டு ஹோஸ்ட் சேர்த்ததும் எல்லா விஎம்மும் நின்னு போச்சு

கரையோரம்:
அவசரம். விஎம் (மெய்நிகர் கணினி) எல்லாம் புராக்ஸ்மாக்ஸ்ல ஓடுது, டேட்டா செஃப்ல, அதாவது பல ஹோஸ்டோட (சர்வர்) டிஸ்கை ஒண்ணாச் சேர்க்கிற சேமிப்பகத்துல. மூணு ஹோஸ்ட்ல ரெண்டு வருஷமா ஒழுங்கா ஓடிட்டிருந்துச்சு. இடம் பத்தலைன்னு இன்னிக்கு இன்னும் ரெண்டு ஹோஸ்ட் சேர்த்தேன். ஓஎஸ்டி (டிஸ்குக்கு ஒண்ணா ஓடுற செஃப் சேவை) உருவாக்கி அரைமணி நேரம்கூட ஆகலை, விஎம் ஒவ்வொண்ணா நின்னுடுச்சு. பிங் எல்லா ஹோஸ்டுக்கும் போகுது. என்ன பண்றது?

மழைத்துளி:
எந்தப் பதிப்பு? ஹோஸ்டுக்கு எத்தனை டிஸ்க்? பூல் சைஸ், அதாவது டேட்டாவுக்கு எத்தனை பிரதி, 3ஆ 2ஆ? பிஜி (செஃப் டேட்டாவைப் பிரிச்சு வைக்கிற தொகுதி) என்ன நிலையில இருக்கு? இது தெரியாம யாரும் எதுவும் சொல்ல முடியாது.

திண்ணை88:
ரீபேலன்ஸ் நெரிசல்தான் இது, புது டிஸ்குக்கு டேட்டா நகர்றதால வர்றது. ஒரே நேரத்துல எத்தனை நகர்வுன்னு சொல்ற ஓஎஸ்டி மாக்ஸ் பேக்ஃபில்ஸை 1 ஆக்குங்க, மூச்சு விடும்.

ஓயாதவன்:
புது ஹோஸ்ட்ல என்ன எஸ்எஸ்டி போட்டீங்க? மின்தடைக் காப்பு இல்லாத வீட்டு உபயோக எஸ்எஸ்டின்னா காரணம் அதுதான். எழுதச் சொன்ன ஒவ்வொண்ணையும் டிஸ்க்ல இறக்கிட்டுத்தான் செஃப் பதில் சொல்லும். அந்த ரகம் அங்கேயே படுத்துடும். இதை நான் நிறைய தடவை பார்த்திருக்கேன்.

கரையோரம்:
மன்னிக்கணும், பதட்டத்துல விட்டுட்டேன். செஃப் பதிப்பு ரீஃப் 18.2. ஹோஸ்டுக்கு 4 டிஸ்க், மொத்தம் 20 ஓஎஸ்டி. சைஸ் 3, மின்சைஸ் (இயங்கக் குறைஞ்சபட்சம் வேண்டிய பிரதி) 2. டிஸ்க் எல்லாம் பழசுல இருக்கிற அதே ரகம், காப்பு உள்ளது. நிறைய பிஜி பியரிங்லயே (பிரதி வச்சிருக்கிற ஓஎஸ்டிகள் ஒண்ணோட ஒண்ணு பேசி ஒத்துப்போற கட்டம்) நிக்குது. ஓஎஸ்டி ஒரு நிமிஷம் 19 அப், அடுத்த நிமிஷம் 14. நான் உயிரோடதான் இருக்கேன், தப்பா டவுன்னு குறிச்சுட்டாங்கன்னு லாக்ல வந்துட்டே இருக்கு. நாலாவது ஹோஸ்ட்ல மான் (கிளஸ்டர் நிலையைக் கவனிக்கிற மானிட்டர்) ஒண்ணும் சேர்த்தேன்.

பழையகை:
திண்ணை88, ரீஃப்ல டிஸ்க் வேலையைப் பங்கிடுறதுக்கு எம்கிளாக்தான் இயல்பு. ஓவர்ரைடு அனுமதியைத் திறக்காம அந்த எண்ணை மாத்தினா ஒண்ணும் ஆகாது. இது கூடத் தெரியாம யோசனை சொல்லாதீங்க. கரையோரம், நாலு மான் எதுக்கு? நாலுல பெரும்பான்மைன்னா மூணு. ஒண்ணு விழுந்தா தாங்கும், ரெண்டு விழுந்தா தாங்காது. மூணு மான் வச்சாலும் இதே கதைதான். சேர்த்ததுல ஒரு பலனும் இல்லை. ஆவணத்தைப் படிச்சுட்டு உற்பத்திச் சூழல்ல கை வைக்கணும்னு இங்க எத்தனை தடவை எழுதுறது.

மழைத்துளி:
அவர் விஎம் நின்னு தவிக்கிறார், பாடம் அப்புறம் எடுக்கலாம். கரையோரம், ஓஎஸ்டி இப்படி மாறி மாறி அப், டவுன் ஆகுதுன்னா முதல்ல நெட்வொர்க்கைப் பாருங்க. எம்டியூ (ஒரு பாக்கெட்ல போகக்கூடிய அதிகபட்ச பைட்) எவ்வளவு?

கரையோரம்:
அஞ்சு ஹோஸ்ட்லயும் 9000. துண்டாக்காம 8972 பைட் பிங்கும் போட்டுப் பார்த்துட்டேன், போகுது.

மழைத்துளி:
எங்கிருந்து எங்க போட்டீங்க?

கரையோரம்:
4லிருந்து 5க்கு.

மழைத்துளி:
4லிருந்து 1க்குப் போடுங்க. புதுசு ரெண்டும் பழைய ஸ்விட்ச்லயா இருக்கு, வேற ஸ்விட்ச்லயா? சாதாரண பிங் 64 பைட்தான், அது எந்தக் குழாயிலயும் போயிடும். ஓஎஸ்டியோட ஹார்ட்பீட்டை (உயிரோட இருக்கான்னு ஒண்ணை ஒண்ணு கேட்கிற செய்தி) வேணும்னே 2000 பைட் வரைக்கும் நிரப்பித்தான் அனுப்புறாங்க, ஜம்போ (1500 பைட்டுக்கு மேல உள்ள பெரிய பாக்கெட்) போகாத வழியைக் காட்டிக்கொடுக்கணும்னு. நடுவுல எங்கயாவது 1500 இருந்தா அந்த பாக்கெட்டை ஸ்விட்ச் சத்தமில்லாம கீழே போட்டுடும், பிழைச்செய்தி கூட வராது. பக்கத்து ஓஎஸ்டி டவுன்னு புகார் கொடுக்கும், டவுன்னு குறிக்கப்பட்ட ஓஎஸ்டி இல்லை இல்லைன்னு திரும்ப வரும். உங்க லாக்ல வர்றது அதுதான்.

அதுக்கு முன்னாடி விஎம்மை எழுப்பணும். புது 8 ஓஎஸ்டியையும் அவுட் பண்ணிட்டு (டேட்டா வைக்கிற கணக்குல இருந்து எடுத்துட்டு), சர்வீஸையும் நிறுத்துங்க. அவுட் மட்டும் போதாது, உயிரோட இருந்தா பியரிங் அவங்களைக் கேட்டுட்டே நிக்கும். ஃபெயிலியர் டொமைன் ஹோஸ்ட்தானே, அதாவது ஒரே பிஜியோட ரெண்டு பிரதி ஒரே ஹோஸ்ட்ல வராதுதானே? சைஸ் 3, புது ஹோஸ்ட் ரெண்டு. அப்ப எந்தப் பிஜிக்கும் ஒரு பிரதியாவது பழைய ஹோஸ்ட்ல இருந்தே தீரணும். பழையபடி மூணுலயே எழுந்துக்கும். டிஸ்கை மட்டும் இப்போதைக்கு அழிச்சுடாதீங்க.

பழையகை:
ஒரே நேரத்துல ரெண்டு ஹோஸ்ட் சேர்த்ததே தப்பு. ஒண்ணு சேர்த்து, பச்சை வந்த பிறகு அடுத்தது. அப்படிப் பண்ணியிருந்தா இந்த நிலைமை வந்திருக்காது.

ஓயாதவன்:
அதை ஒத்துக்க மாட்டேன். ஒவ்வொண்ணா சேர்த்தா முதல்ல நாலுல ஒரு பங்கு, 25 சதவீதம் நகரும். அப்புறம் அஞ்சுல ஒரு பங்கு, 20. மொத்தம் 45. சேர்த்துப் போட்டா 40. ஒருமுறை நகர்ந்த டேட்டாவுல கொஞ்சம் மறுபடியும் நகரும், டிஸ்குக்கு எதுக்கு அந்த வேலை?

பழையகை:
5 சதவீதத்துக்காக ரெண்டு ஹோஸ்டோட பிழையை ஒரே நேரத்துல தலையில ஏத்திக்கணுமா? பதினஞ்சு வருஷமா சேமிப்பகம் பார்க்கிறேன். பிரச்சினை வந்தா எது காரணம்னு தெரியணும், எனக்கு அதுதான் முக்கியம்.

மழைத்துளி:
இவருக்கு ஒரு ஹோஸ்ட் சேர்த்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும், வழி ஒண்ணுதானே. நான் பண்றது: டேட்டா நகர்றதை நிறுத்தி வைக்கிற நோரீபேலன்ஸ், நோபேக்ஃபில் கொடி ரெண்டையும் போட்டுட்டு, ஓஎஸ்டியோட ஆரம்ப க்ரஷ் எடையை (டேட்டாவுல எவ்வளவு பங்குன்னு சொல்ற எண்) 0ன்னு வச்சுத்தான் சேர்ப்பேன். எடை 0ன்னா ஒரு பிஜியும் அங்க போகாது. எல்லா ஹோஸ்டிலிருந்தும் எல்லா ஹோஸ்டுக்கும் பெரிய பிங், ரெண்டு திசையிலும். ஹார்ட்பீட் அமைதியா இருக்கான்னு கொஞ்ச நேரம் பார்ப்பேன். அப்புறம் எல்லாத்துக்கும் எடை கொடுத்துட்டுக் கொடியை எடுத்தா ஒரே நகர்வுல முடிஞ்சுடும்.

திண்ணை88:
கேட்கிறேன்னு தப்பா நினைக்காதீங்க, இவ்வளவு தொல்லைக்கு மூணு ஹோஸ்ட்லயே பெரிய டிஸ்க் போட்டிருக்கலாமே?

ஓயாதவன்:
மூணு ஹோஸ்ட், சைஸ் 3ன்னா ஒரு ஹோஸ்ட் போனதும் மூணாவது பிரதிக்குப் போக இடமே கிடையாது. அது திரும்ப வர்ற வரைக்கும் ரெண்டு பிரதியிலதான் ஓட்டணும், அந்த நேரத்துல இன்னொண்ணு விழுந்தா மின்சைஸ் 2 படிக்கிறது, எழுதுறது ரெண்டையும் நிறுத்திடும். நாலாவது ஹோஸ்ட் வந்தாத்தான் கிளஸ்டர் தானே ஆறும். அவர் சேர்க்க நினைச்சது சரிதான்.

கரையோரம்:
புது ஓஎஸ்டியை நிறுத்தினதும் பிஜி எல்லாம் ஆக்டிவ் ஆயிடுச்சு, விஎம் எல்லாம் வந்துடுச்சு. 4லிருந்து 1க்கு 8972 போகலை, 100 சதவீதம் இழப்பு. புதுசு ரெண்டும் ரெண்டாவது ஸ்விட்ச்ல இருக்கு. ரெண்டு ஸ்விட்சையும் இணைக்கிற போர்ட்ல 1500ன்னு இருந்துச்சு. மாத்திட்டேன், இப்ப எல்லாத் திசையிலும் போகுது. இன்னிக்கு ராத்திரி எடை 0 முறையில மறுபடியும் சேர்க்கப் போறேன். மழைத்துளி, ரொம்ப நன்றிங்க.

பழையகை:
அந்த நாலாவது மானை எடுத்தீங்களா, இல்ல அஞ்சாவதும் போடப் போறீங்களா?

மழைத்துளி:
ராத்திரி சேர்த்த பிறகு எப்படிப் போச்சுன்னு ஒரு வரி எழுதிடுங்க, கரையோரம்.