செல் சவ்வு நடுங்குறத நேர்ல பாத்தவங்க உங்க அனுபவத்த எழுதுங்க

நானே ஆரம்பிக்கிறேன். பிஎச்டி சேர்ந்த புதுசு. டிஎம்பிசின்னு ஒரு லிப்பிட் (செல் சவ்வுல இருக்கற மாதிரி கொழுப்பு மூலக்கூறு), அத குளோரோஃபார்ம்ல கரைச்சு ஐடிஓ கண்ணாடில (கரண்ட் கடத்தற பூச்சு போட்டது) தடவி, வேக்குவம்ல காய வெச்சு, ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல சுக்ரோஸ் தண்ணி ஊத்தி 10 ஹெர்ட்ஸ்ல ஒரு வோல்ட் குடுத்தா ரெண்டு மூணு மணி நேரத்துல குமிழ் குமிழா பொங்கி வரும். புரோட்டீன் எதுவும் கிடையாது, வெறும் லிப்பிட் தோல், தடிமன் 4, 5 நானோமீட்டர்தான். இத குளுக்கோஸ் தண்ணில விட்டா உள்ள இருக்கற சுக்ரோஸ் கனத்துல அடில போய் உக்காரும், ஃபேஸ் கான்ட்ராஸ்ட் மைக்ரோஸ்கோப்ல ஓரம் பளிச்னு தெரியும்.

அந்த ஓரம் நடுங்கும்னு சீனியர்ஸ் எல்லாரும் சொன்னாங்க. எனக்கு நடுங்கவே இல்ல! ஒரு வாரம் முழுக்க கோலிக்குண்டு மாதிரி அப்படியே கிடந்துச்சு, லிப்பிட் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு புதுசு கூட வாங்கிப் பாத்தாச்சு. ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் போச்சு, யூபிஎஸ்ல மைக்ரோஸ்கோப் மட்டும் ஓடுது, ஏசி நின்னு ரூம் சூடாகுது, நான் சும்மா பாத்துட்டே இருக்கேன், ஒரு குமிழோட விளிம்பு லேசா நெளிஞ்சுது, அப்புறம் பக்கத்துல இருந்தது, அப்புறம் எல்லாமே காத்துல வேட்டி காயற மாதிரி அலையடிக்க ஆரம்பிச்சுது. எனக்கு புல்லரிச்சுப் போச்சு.

விஷயம் என்னன்னா டிஎம்பிசி உருகறது சுமார் 24 டிகிரில, எங்க ரூம் ஏசி 20ல இருந்துச்சு. அதுக்குக் கீழ லிப்பிட் வால் எல்லாம் விறைச்சு அடுக்கி நிக்கும், சூடு ஏறினா தளர்ந்துடும். தளர்ந்த சவ்வ வளைக்க ஆகற ஆற்றல் மூலக்கூறோட வெப்பத் துள்ளல விட ஏதோ 20, 30 மடங்குதான், அதனால தண்ணி மோதுறதே போதும் அது நெளியறதுக்கு. வளைவுக்கு எவ்ளோ ஆற்றல் ஆகும்னு 1973ல ஹெல்ஃப்ரிச்னு ஒரு இயற்பியலாளர் எழுதின சமன்பாடு அன்னிக்கு கண்ணு முன்னாடி நின்னுச்சு.

—

நான் ரிசர்ச் இல்லைங்க, ஆஸ்பத்திரி லேப்ல இருக்கேன். நான் பாத்தது இன்னொரு பக்கம். உப்புத்தண்ணிய 0.85 சதவீதத்துலேர்ந்து படிப்படியா குறைச்சு டியூப் டியூபா வெச்சு ரத்தம் விடுவோம். உப்பு குறையக் குறைய சிவப்பணுக்குள்ள தண்ணி ஏறி ஊதும், நல்ல செல் 0.5 கிட்ட வரைக்கும் வெடிக்காம தாங்கும். ஒரு தடவ ஒரு சின்னப் பையனோட சாம்பிள், மஞ்சக்காமாலைன்னு வந்தது, 0.65லயே செல்லு வெடிச்சு மேல்தண்ணி ரோஸ் ஆயிடுச்சு. ஸ்லைடுல பாத்தா செல்லு நடுவுல வெளுப்பே இல்லாம உருண்டை உருண்டையா. ஸ்பீரோசைட்டோசிஸ், அதாவது சிவப்பணு தட்டையா இல்லாம உருண்டையாயிடற நோய்.

—

அருமைங்க, ரெண்டும் ஒரே விஷயம்தான்! சவ்வு எவ்ளோ வேணா வளையும், இழுத்தா தாங்காது. மைக்ரோபிப்பெட்டால (ரொம்ப மெல்லிசான கண்ணாடிக் குழாய்) உறிஞ்சிப் பாத்திருக்கேன், பரப்பு நாலஞ்சு சதவீதம் கூடறதுக்குள்ள பட்டுனு போயிடும். நல்ல சிவப்பணு உள்ள இருக்கறதுக்குத் தேவையானத விட பெரிய தோல் போட்டிருக்கு, தட்டையா குழிஞ்சு இருக்கறதே அதனாலதான், தண்ணி ஏறினா முதல்ல அந்த மிச்சம் நிரம்பணும். அந்தப் பையனோட செல்லுல தோல் உதிர்ந்து உதிர்ந்து மிச்சமே இல்லாம போயிருக்கும். பையன் இப்ப நல்லா இருக்கானா?