திராட்சைல அடிச்சாம்பல் நோய்க்கு மூணு மருந்து மாத்தி அடிச்சும் கேக்கல, புதுசா எதுவும் வரலையா?

பந்தல்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். கம்பம் பக்கம் நமக்கு ரெண்டு தோட்டம், ரெண்டுமே பன்னீர் திராட்சை பந்தல். மேலத்தோட்டம் கொடிய வெட்டிக் கவாத்து முடிஞ்சு இன்னைக்கு 34 நாள், பூ விரியப் போற நேரம், பத்து நாளா மழை விடல, காலைல பத்து மணி ஆனாலும் இலைல தண்ணி காயறதில்ல. இலை மேல எண்ணெய் சொட்டுன மாதிரி மஞ்சளா வட்டம் வட்டமா, திருப்பிப் பாத்தா கோலமாவு தூவுன மாதிரி வெள்ளை. ரெண்டு நாளா கொத்துலயும் ஏறிருச்சு. இதுவரைக்கும் மூணு தடவ அடிச்சாச்சு, மூணும் வேற வேற கம்பெனி, வேற வேற பேரு, "அது கேக்கலையா, அப்ப இத அடிங்க"ன்னு கடைல மாத்தி மாத்திக் குடுத்ததுதான். கூலி, மருந்து, பவர் ஸ்ப்ரேயருக்கு பெட்ரோல்னு எவ்ளோ ஆச்சுன்னு கணக்குப் பாக்கவே மனசு வரல. இத்தனைக்கும் முன்னெல்லாம் இதுல ஒண்ண ஒரு தடவ அடிச்சா ரெண்டு வாரத்துக்கு இலை கண்ணாடி மாதிரி நிக்கும். மருந்துல கலப்படமா, இல்ல நோயே மாறிருச்சா? புது மருந்து ஏதும் வந்திருந்தா சொல்லுங்க. கீழத்தோட்டம் கவாத்து பண்ணி நாலு நாள்தான் ஆகுது, அதையாவது காப்பாத்தணும்.

மேகமலைக்காத்து:
இங்கயும் இதே கதைதான் பங்காளி. நான் டோஸ டபுளாக்கி அடிச்சேன், ரெண்டு நாள் நின்ன மாதிரி தெரிஞ்சுச்சு அப்புறம் பழையபடிதான். கூட டெபுகோனசோல் கொஞ்சம் கலந்து அடிச்சுப் பாரு, எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான் அடிக்கிறாங்க.

ஓய்வுபெற்ற தோட்டக்கலை:
தம்பி, டோஸ ஏத்தாதீங்க. ரெண்டு நாள் நின்னது வெயில் அடிச்சதால இருக்கும், மருந்தால இல்ல. டெபுகோனசோலும் வேண்டாம், அது சாம்பல் நோய்க்கு, அதாவது இலை மேல்பக்கம் சாம்பல் பூத்த மாதிரி வருமே அதுக்கு. இது அடிச்சாம்பல், பேருதான் ஒண்ணுபோல இருக்கே தவிர ரெண்டும் சொந்தக்காரங்களே இல்ல. சர்வீஸ்ல இருந்தப்ப இந்த ஒரு குழப்பத்துலயே எத்தனை பேர் காசு கரைஞ்சத பாத்திருக்கேன்.
பந்தல்காரன் தம்பி, ஒரு வேலை பண்ணுங்க. பெரிய எழுத்துல இருக்கிற பேர விட்டுடுங்க. அதுக்குக் கீழ பொடி எழுத்துல மருந்தோட வேதிப் பேரும் சதவீதமும் இருக்கும், மூணுலயும் என்ன போட்டிருக்குன்னு பாத்து இங்க எழுதுங்க.

பந்தல்காரன்:
செல்லுல போட்டோ எடுத்து பெருசாக்கித்தான் படிக்க முடிஞ்சுது ஐயா. மொதல்ல அடிச்சது அசாக்ஸிஸ்ட்ரோபின் 23 சதவீதம். ரெண்டாவது கிரெசாக்ஸிம் மெத்தில். மூணாவது பாட்டில் இல்ல பாக்கெட்டு, அதுல பைரக்ளோஸ்ட்ரோபின் 5, மெட்டிராம் 55ன்னு போட்டிருக்கு. மூணாவது அடிச்சப்ப மட்டும் கொஞ்சம் மட்டுப்பட்ட மாதிரி இருந்துச்சு.

லேப் எலி:
அண்ணே நான் பயிர் நோய் ஆராய்ச்சி லேப்ல வேலை பாக்குறேன், தினமும் இதே பஞ்சாயத்துதான். நீங்க மூணு மருந்து அடிக்கல, ஒரே மருந்த மூணு சட்டை மாட்டி அடிச்சிருக்கீங்க. அசாக்ஸிஸ்ட்ரோபின், கிரெசாக்ஸிம், பைரக்ளோஸ்ட்ரோபின் மூணுமே ஸ்ட்ராபிலூரின் குடும்பம், உலக அளவுல குரூப் 11ன்னு நம்பர் போட்டு வச்சிருக்காங்க. நோய்க்கிருமியோட செல்லுக்குள்ள மூச்சு விடுற மெஷின் மாதிரி ஒண்ணு இருக்கு, அதுல சைட்டோகுரோம்-பி அப்படின்னு ஒரு புரதம், அதுல ஒரு சின்னக் குழி. மூணு மருந்தும் போய் உக்கார்றது அந்த ஒரே குழிலதான். அந்தப் புரதத்துல 143வது எடத்துல கிளைசின்னு ஒரு அமினோ அமிலம் இருக்கணும், அது அலனின்னு இன்னொண்ணா மாறிட்டா குழில சின்னதா ஒரு முட்டு வந்துரும், அவ்ளோதான், மருந்தால உக்கார முடியாது. டிஎன்ஏல ஒரே ஒரு எழுத்து மாறுனா போதும் இது நடக்குறதுக்கு. பூட்டே மாறிருச்சு, நீங்க கடைகடையா அதே சாவிய வாங்கிட்டு வர்றீங்க. இந்த மாதிரி மாறுனதுக்கு டோஸ் டபுள் இல்ல, நூறு மடங்கு போட்டாலும் பேசாது.

மூணாவது பாக்கெட்ல கொஞ்சம் மட்டுப்பட்டுச்சுன்னு சொன்னீங்களே, அது மெட்டிராம் புண்ணியம். மேங்கோசெப்னு ஒரு பழைய மருந்து இருக்கே, அதோட கூடப்பொறந்தது, ஒரே எடத்துல இல்லாம கிருமியோட பல எடத்துல கைய வைக்கும், அதனால ஒரு எழுத்த மாத்தி அதுகிட்ட தப்பிக்க முடியாது. ஆனா இலைக்குள்ள போகாது, மேலயே நிக்கும், மழை பெஞ்சா கழுவிட்டுப் போயிரும்.

இது உங்க தோட்டத்துல மட்டும் நடக்குறது இல்ல. ஸ்ட்ராபிலூரின் மொதல்ல கடைக்கு வந்தது 1996ல, 1998லயே வடக்கு ஜெர்மனில கோதுமை சாம்பல் நோய் அதத் தாண்டிருச்சு. ரெண்டே வருஷம்! அடுத்து ஐரோப்பா திராட்சை அடிச்சாம்பல், இப்ப மகாராஷ்டிரா திராட்சைலயும் இதே மாற்றம் பதிவாயிருக்கு. இன்னொரு வேடிக்கை, கோதுமை துரு நோய்ல மட்டும் இது நடக்கல. அந்தப் பூசணத்துக்கு ஜீன்ல அந்த 143வது எடத்த ஒட்டியே, புரதம் செய்றதுக்கு முன்னாடி வெட்டி எடுத்துட்டு ரெண்டு பக்கத்தையும் ஒட்ட வேண்டிய ஒரு துண்டு இருக்கு, அங்க எழுத்த மாத்துனா அந்த வெட்டு ஒட்டு நடக்காது, புரதமே உருவாகாம அதுவே செத்துரும். அதனால துருவுக்கு இன்னும் ஸ்ட்ராபிலூரின் கேக்குது. நம்ம அடிச்சாம்பலுக்கு அந்தத் தடை இல்ல, நம்ம கெட்ட நேரம்.

ஐயா சொன்ன டெபுகோனசோல் விஷயமும் கரெக்ட். அடிச்சாம்பல் உண்மைல பூசணமே கிடையாது, ஊமைசீட் (oomycete) அப்படின்னு ஒரு கூட்டம், பாசிக்குத்தான் பங்காளி முறை. கோனசோல் எல்லாம் பூசணம் எர்கோஸ்டெரால்னு ஒரு கொழுப்பு செய்யுமே அதத் தடுக்குற மருந்து, இது அதச் செய்யவே செய்யாது, அப்புறம் எதத் தடுக்க?

சும்மா எட்டிப்பாத்தவன்:
எனக்கு ஒரே டவுட்டு. இவ்ளோ தெரிஞ்சு வச்சிருக்கீங்க, புரதத்துல எந்த எடம் மாறிருக்குன்னு வரைக்கும் தெரியுது, அப்ப அதுக்கேத்த மாதிரி புது மருந்து பண்ண வேண்டியதுதானே? கம்பெனிக்காரங்க பழைய சரக்கு விக்கிற வரைக்கும் புதுச வெளிய விட மாட்டாங்கன்னு எனக்குத் தோணுது.

லேப் எலி:
அப்படிப் பதுக்கி வச்சு லாபம் இல்லங்க, பேட்டண்டு காலம் ஓடிட்டே இருக்கும். பண்ணாம இல்ல, பண்றது லேசு இல்ல. ஒரு புது மருந்து கடைக்கு வர்றதுக்கு சராசரியா 12 வருஷம், 30 கோடி டாலர் கிட்ட ஆகுது. ஒண்ணு தேறணும்னா ஒரு லட்சத்துக்கு மேல மூலக்கூறு பாத்து கழிக்கணும்.

நாங்க பண்றது என்னன்னா, திராட்சை இலைல காசு அளவுக்கு வட்டம் வட்டமா வெட்டி, அடிப்பக்கம் மேல தெரியிற மாதிரி ஈர ஜெல் மேல போட்டு, மருந்து தெளிச்சு, அப்புறம் நோயோட விதைத்தூள தண்ணில கலந்து ஒரு சொட்டு விடுவோம். அடிச்சாம்பல் உயிருள்ள இலைலதான் வளரும், சும்மா தட்டுல ஊட்டி வளக்க முடியாது, அதனால இந்த நோய உயிரோட வச்சிருக்கவே வருஷம் பூரா நர்சரி மாதிரி திராட்சைச் செடி வளத்து, வாரா வாரம் புது இலைக்கு மாத்தணும். பொங்கல் லீவுல யாராவது ஒருத்தர் லேப்ல கெடக்கணும், போன வருஷம் அது நான். சரி, அந்த இலை வட்டத்துல சூப்பரா வேலை செய்யும், வெயில்ல கொண்டு போய் வச்சா ரெண்டு மணி நேரத்துல காலி. இல்லன்னா மழைல போயிரும், இல்லன்னா மீனுக்கு ஆகாது, இல்லன்னா இலையவே பொசுக்கும். ஸ்ட்ராபிலூரினுக்கும் இதே கதைதான், பைன் மரத்து காய்ல முளைக்கிற ஒரு குட்டிக் காளான்லேந்து 1977ல ஜெர்மனிக்காரங்க எடுத்தாங்க, காளான்ல இருந்த மூலக்கூறு வெயில் பட்டா செதஞ்சிரும், வெயில் தாங்குற மாதிரி மாத்தி மாத்திக் கட்டி கடைக்கு வர கிட்டத்தட்ட இருபது வருஷம்.

நீங்க கேட்ட மாதிரி மாறுன குழிக்கேத்த மருந்தும் வந்திருக்கு. ஜப்பான்ல சுமிட்டோமோ கம்பெனி மெட்டைல்டெட்ராப்ரோல்னு ஒண்ணு கண்டுபிடிச்சாங்க, அந்த 143 முட்டுல இடிக்காத மாதிரி மூலக்கூறோட ஒரு முனைய மாத்தி செதுக்கிருக்காங்க. எனக்கு அது ரொம்பப் பிடிச்ச வேலை, ஆனா அது கோதுமை இலைப்புள்ளி மாதிரி நோய்க்கு, நம்ம அடிச்சாம்பலுக்கு இல்ல. பிஏஎஸ்எஃப் கம்பெனியோட மெஃபென்ட்ரிஃப்ளூகோனசோலும் அப்படித்தான், கோனசோல் உக்கார்ற எடம் மாறிட்டாலும் மூலக்கூறுல ஒரு மூட்டு வச்சு வளைஞ்சு நெளிஞ்சு அங்க உக்கார்ற மாதிரி. நம்ம நோய்க்குன்னு பாத்தா ஆக்ஸாதயபிப்ரோலின் இருக்கு, 2015 வாக்குல வந்தது, குரூப் 49, ஏக்கருக்கு சில கிராம் போதும், அவ்ளோ வீரியம். ஆனா அதுவும் ஒரே பூட்டு மருந்துதான். அதையும் தனியா நாலு தடவ அடிச்சீங்கன்னா அடுத்து இதே மாதிரி ஒரு பதிவு போட வேண்டியிருக்கும்.

ஓய்வுபெற்ற தோட்டக்கலை:
இதுக்கு முன்னாடியே ஒரு பாடம் ஆச்சு. மெட்டலாக்சில் வந்தப்ப எல்லாரும் அத அமிர்தம்னு கொண்டாடுனாங்க. அயர்லாந்துல உருளைக்கிழங்குக்கு அதத் தனியா அடிச்சு 1980லயே கைவிட்டுருச்சு. அப்புறம் அங்க மேங்கோசெப் கலந்துதான் அடிக்கணும்னு ஆச்சு, மறுவருஷமே நோய் மருந்துக்குப் பழகாம பாத்துக்க கம்பெனிங்க சேந்து ஃப்ராக்னு ஒரு அமைப்பும் வச்சாங்க. தம்பி சொல்ற குரூப் நம்பர் எல்லாம் அவங்க போட்டதுதான். ஆஸ்திரேலியால அந்த நம்பர பாட்டில்ல பெருசா அச்சடிக்கிறாங்க. அப்படிப் பெருசாக் கண்ணுல பட்டிருந்தா பந்தல்காரன் தம்பி மொதப் பாட்டிலோட நிறுத்திருப்பார்.

இப்ப செய்ய வேண்டியது. மேலத்தோட்டத்துல நோய் புடிச்ச இலைய உருவி வெளிய கொண்டு போய் எரிச்சிடுங்க, பந்தல் மேலயே போட்டுட்டு வந்துடாதீங்க. கொத்தச் சுத்தி காத்துப் போற மாதிரி தேவையில்லாத சில்லுக் கொடிய எடுத்துடுங்க, பாதி நோய் இலை காயாததாலதான். மருந்துக்கு, ஸ்ட்ராபிலூரின் குடும்பத்துல சேராத டைமெத்தோமார்ஃபும் மேங்கோசெப்பும் சேத்து, பாக்கெட்ல போட்டிருக்கிற அளவு, ஒரு சொட்டு கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம். ஸ்ப்ரேயர் முனைய கீழேந்து மேல காட்டி இலை அடிப்பக்கம் நனையணும், நோய் உள்ள போற வாசல் அங்கதான் இருக்கு. ஸ்ட்ராபிலூரின் இந்த வருஷம் இந்த நோய்க்கு வேண்டவே வேண்டாம்.

கீழத்தோட்டத்துக்கு புது மருந்து எதுவும் வாங்காதீங்க. போர்டோ கலவை அடிங்க.

மேகமலைக்காத்து:
போர்டோவா? அது எங்க தாத்தா காலத்து சமாச்சாரம் ஐயா, மயில்துத்தம் சுண்ணாம்பு கரைச்சுக்கிட்டு யாரு உக்காந்திருப்பா.

ஓய்வுபெற்ற தோட்டக்கலை:
உங்க தாத்தாவோட தாத்தா காலம்னு சொல்லுங்க, 1885. பிரான்சுல போர்டோ பக்கம் ரோட்டோரத்து தோட்டக்காரங்க, போறவங்க வர்றவங்க திராட்சையப் பறிச்சுத் திங்கறாங்கன்னு மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைச்சு கொடி மேல தெளிச்சு வச்சிருந்தாங்க, விஷம்னு நெனச்சு தொட மாட்டாங்கன்னு. அந்த ஓரத்து வரிசைல மட்டும் இலை கொட்டாம நிக்கிறதப் பாத்து மில்லார்டேன்னு ஒரு பேராசிரியர் புடிச்சுக்கிட்டார். மயில்துத்தத்துல இருக்கிறது செம்பு, அன்னைலேந்து இன்னைக்கு வரைக்கும் அடிச்சாம்பலால அத ஜெயிக்க முடியல. அதுக்காக வாரம் ஒரு தடவ ஊத்தாதீங்க, செம்பு மண்ணுல சேந்துக்கிட்டே போகும், மக்காது. பூவுலயும் பிஞ்சுலயும் அடிச்சா கருகும், பழத்துல நீலக் கறை நிக்கும், பன்னீர பச்சையா திங்கற ஜனங்க வாங்குவாங்களா? அதனாலதான் மேலத்தோட்டத்துக்குச் சொல்லல. கவாத்து முடிஞ்ச மொட்டைக் கொடிக்கு அதுதான் சரி, வெட்டு வாயும் மூடும்.

பந்தல்காரன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கடைல போய் குரூப் 11 வேண்டாம்னு சொன்னேன், அவரு என்னைய ஒரு மாதிரி பாத்தாரு, அப்புறம் அவரே அலமாரில இருக்கிறதெல்லாம் எடுத்து பொடி எழுத்து படிக்க ஆரம்பிச்சுட்டாரு. பாவம் அவருக்கும் யாரும் சொல்லிக் குடுக்கல. டைமெத்தோமார்ஃப் வாங்கிட்டு வந்து மேலத்தோட்டத்துல அடிச்சாச்சு, மழையும் ரெண்டு நாளா இல்ல, ஏற்கெனவே போன கொத்து போனதுதான், புது இலைல பாத்துட்டு சொல்றேன். லேப் தம்பி, டைமெத்தோமார்ஃபையும் இது தாண்டிருமா?

லேப் எலி:
தாண்டும் அண்ணே, ஆனா கொஞ்சம் லேட்டாகும். இதுல மாறுன ஜீன் அப்பா பக்கம் அம்மா பக்கம் ரெண்டுலேந்தும் வந்து சேந்தாத்தான் மருந்த எதுத்து நிக்கும், ஒண்ணு மட்டும் இருந்தா சாகும். ஒரு கவாத்துக்கு ரெண்டு தடவைக்கு மேல அடிக்காதீங்க, எப்பவும் மேங்கோசெப் மாதிரி ஒண்ணக் கலந்தே அடிங்க.

பந்தல்காரன்:
சரி தம்பி. ஐயா, கீழத்தோட்டத்துக்கு இப்ப போர்டோ கரைச்சுக்கிட்டிருக்கேன். ஒரு கிலோ மயில்துத்தம் தனியா பிளாஸ்டிக் டிரம்முல, ஒரு கிலோ சுண்ணாம்பு தனியா, ரெண்டும் சேத்து 100 லிட்டர். துத்தக் கரைசல சுண்ணாம்புல ஊத்திக் கலக்கியாச்சு. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் அரிவாள முக்கிப் பாக்கச் சொன்னாரு, முக்கி எடுத்தா நுனில செம்பு நெறமா படிஞ்சிருக்கு. இப்படியே அடிக்கலாமா?

ஓய்வுபெற்ற தோட்டக்கலை:
அடிச்சிடாதீங்க, துளிர் பொசுங்கிடும். சுண்ணாம்பு பத்தல, இல்ல நீங்க வாங்குனது பழைய சுண்ணாம்பு. கொஞ்சம் கொஞ்சமா சுண்ணாம்புத் தண்ணி விட்டுக் கலக்குங்க, அரிவாள நல்லாத் தேச்சுட்டு திரும்பத் திரும்ப முக்குங்க, செம்பு படியாம வெள்ளையா வெளிய வரணும். கரைச்சத இன்னைக்கே அடிச்சு முடிச்சிடணும், நாளைக்கு வைக்காதீங்க.

பந்தல்காரன்:
மூணாவது தடவ முக்குனேன் ஐயா, படியல. ஹோஸ் போட்டாச்சு.