இயந்திர வகையை மாற்றியதும் மெய்நிகர் கணினியில் பிணைய அட்டையின் பெயர் மாறுவது ஏன்?

கேள்வி (மார்த்தாண்டம்):
வணக்கம். ரப்பர் ஷீட் கொள்முதல் செய்யும் கடை ஒன்றின் கணக்கு, கேவிஎம் என்ற மெய்நிகராக்க மென்பொருளில் இயங்கும் டெபியன் லினக்ஸ் மெய்நிகர் கணினியில் இருக்கிறது. அதை ஐ440எஃப்எக்ஸ் என்ற இயந்திர வகையிலிருந்து (மெய்நிகர் மதர்போர்டு) கியூ35 வகைக்கு மாற்றியதும், ஈஎன்எஸ்3 என்றிருந்த விர்ட்டியோ (மெய்நிகர் கணினிக்கென்றே அமைந்த) பிணைய அட்டையின் பெயர் ஈஎன்பி1எஸ்0 ஆகிவிட்டது. அமைப்புக் கோப்பில் பழைய பெயரே இருந்ததால் ஐபி முகவரி கிடைக்கவில்லை. பெயரை வைத்து எழுதிய ஃபயர்வால் விதிகளும் பொருந்தவில்லை. பேசாமல் ஈத்0, ஈத்1 என்று எண்ணிடும் பழைய முறைக்கே திரும்பிவிடலாமா?

மறுமொழி (நாகர்கோவில்):
லினக்ஸின் மையமான கர்னல் இன்றும் முதலில் ஈத்0, ஈத்1 என்றுதான் பெயரிடுகிறது. எந்த அட்டையின் இயக்கி முந்துகிறதோ அதற்கு முதல் எண். 2013 ஜனவரியில் வெளியான சிஸ்டம்டி (லினக்ஸின் தொடக்கத்தையும் சேவைகளையும் நிர்வகிக்கும் மென்பொருள்) 197 முதல், அதில் சாதனங்களைக் கவனிக்கும் யுடெவ் அந்தப் பெயரை நீக்கி, அட்டை அமர்ந்திருக்கும் இடத்தை வைத்து வேறு பெயர் தருகிறது. விர்ட்டியோ அட்டைக்கும் அதன் தாய்ச் சாதனம் பிசிஐயில் (மதர்போர்டில் அட்டைகள் இணையும் வழி) இருக்கும் இடமே கணக்கு. ஐ440எஃப்எக்ஸில் ஃபர்ம்வேர் 3ஆம் ஸ்லாட் என்று அறிவித்ததால் ஈஎன்எஸ்3 வந்தது; கியூ35இல் அட்டை தனி ரூட் போர்ட்டுக்கு (பிசிஐ இணைப்பு வாய்) பின்னால் 1ஆம் பஸ்ஸில் அமர்வதால் ஈஎன்பி1எஸ்0 வந்திருக்கிறது. ஆகவே பெயர் தன் விதிப்படியே நடந்திருக்கிறது. மாறியது மெய்நிகர் கணினிக்குள் அட்டை இருக்கும் இடம். விர்ச்சுவல்பாக்ஸில் ஈஎன்பி0எஸ்3 என்பதும், விஎம்வேரில் ஈஎன்எஸ்192 என்பதும் இப்படி வந்தவையே. மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி அட்டை அதற்கேயான விஎம்பஸ் வழியாக வருவதால், பிசிஐ இடம் இல்லாமல் ஈத்0 என்றே நிற்கிறது.

மறுமொழி (தக்கலை):
ஒரே ஒரு அட்டை மட்டும் இருக்குமானால், தொடக்கத்தில் கர்னலுக்குத் தரும் கட்டளை வரியில் நெட்.இஃப்நேம்ஸ்=0 என்று சேர்த்து, இடத்தை வைத்துப் பெயரிடுவதை நிறுத்திவிடுங்கள். குழப்பம் தீர்ந்தது.

மறுமொழி (நாகர்கோவில்):
தக்கலை நண்பர் சொல்வது ஒற்றை அட்டைக்குச் சரி. ஆனால் நாளை காப்புப்பிரதி எடுப்பதற்கென்று இரண்டாவது அட்டையைச் சேர்த்தால், எது வெளி இணைப்பு, எது உள் இணைப்பு என்பது மீண்டும் இயக்கி ஏறும் வரிசையின் கையில் போய்விடும். ஃபயர்வால் விதி எழுதிய கணினியில் அதை நான் ஏற்கமாட்டேன். சிஸ்டம்டியின் நெட்வொர்க் அடைவில் 10-லேன்.லிங்க் என்றொரு கோப்பு உருவாக்கி, மேட்ச் பகுதியில் 52:54:00 என்று தொடங்கும், அட்டையின் மேக் (வன்பொருள்) முகவரியையும் விர்ட்டியோ_நெட் என்ற இயக்கிப் பெயரையும் சேர்த்தே கொடுங்கள்; மேக்கை மட்டும் கொடுத்தால், அதே முகவரியை ஏற்கும் விலான் (ஒரே அட்டையின் மேல் அமையும் மெய்நிகர் பிணையம்) இடைமுகமும் பொருந்திவிடக்கூடும். லிங்க் பகுதியில் லேன்0 போன்ற சொந்தப் பெயர் வையுங்கள். ஈத்0 என்று மட்டும் வைக்க வேண்டாம், கர்னல் தரும் பெயரோடு அது மோதும். டெபியனில் இதன் பிறகு, தொடக்கத்தில் முதலில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்துவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள்.

மறுமொழி (குழித்துறை):
ஒன்றைச் சேர்க்கிறேன். மெய்நிகர் கணினியை நகலெடுக்கும் விர்ட்-குளோன் கருவி, நகலுக்குப் புதிய மேக் முகவரி தருவதால், மூலத்தின் லிங்க் கோப்பு நகலில் பொருந்தாது. நகலெடுத்ததும், முதல் தொடக்கத்திற்கு முன்பே, அந்த வரியை மாற்றிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
லேன்0 என்று வைத்து, அமைப்புக் கோப்பையும் ஃபயர்வால் விதிகளையும் மாற்றினேன். மறுதொடக்கத்திற்குப் பிறகு முகவரி வந்தது. இரண்டாவது அட்டையைச் சேர்த்துப் பார்த்தபோதும் பெயர் நிலைத்தது. மூவருக்கும் நன்றி.