மறு: தணலழற்சி – எண்ணெய்த் துண்டுப்பிரசுரத்துக்கு இரண்டு சொற்கள்

(களுவாஞ்சிகுடியிலிருந்து)

கலைச்சொல் குழுமத்தாருக்கு வணக்கம்.

மூட்டு நோயாளிகளுக்காக ஒரு துண்டுப்பிரசுரம் மொழிபெயர்க்கிறேன் என்று போன கிழமை எழுதியிருந்தேன். நல்லெண்ணெய், கருஞ்சீரக எண்ணெய், ஆளிவிதை எண்ணெய் மாதிரியான வித்து எண்ணெய்கள் நாட்பட்ட அழற்சி நோய்களுக்கு எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்பதுதான் விஷயம். மொத்தம் நான்கு பக்கம். மூன்று பக்கம் தடையில்லாமல் ஓடிவிட்டது. இரண்டு சொற்களில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

முதலாவது, ஆங்கிலத்தில் ‘லோ கிரேட் குரோனிக் இன்ஃபிளமேஷன்’ என்கிறார்களே, அது. மெல்லிதாக, வெளியில் தெரியாமல், நெடுநாள் நீடிக்கிற அழற்சி. சென்னை நண்பர் ‘தாழ்நிலை நாட்பட்ட அழற்சி’ என்று தந்தார். பிழை சொல்ல முடியாது. ஆனால் அதை எங்கள் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “தாழ்நிலை என்டா காலுக்குக் கீழயா மகள்?” என்று கேட்டார். இரண்டு கை விரல் மூட்டுகளிலும் முடக்குவாதம் உள்ளவர். இந்தப் பிரசுரம் யாருக்காக என்று கேட்டால் அவருக்காகத்தான். அவருக்கு விளங்காத சொல்லை நான் அச்சுக்குக் கொடுக்க மாட்டேன்.

பத்திரிகைகளில் சிலவேளை ‘வீக்கம்’ என்றே எழுதிவிடுகிறார்கள். அது இன்னும் பெரிய சிக்கல். அழற்சிக்கு நான்கு அடையாளம் என்று ரோமாபுரியின் செல்சஸ் 1ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார்: சிவப்பு, வீக்கம், சூடு, நோவு. முள் குத்திய விரலில் நான்கையும் ஒன்றாகப் பார்க்கலாம். நாம் சொல்லத் தேடுகிற அழற்சியில் பல நேரம் இந்த நான்கில் ஒன்றுமே வெளியில் தெரியாது. ஆள் சந்தைக்குப் போய் வருவார், வேலை செய்வார். இரத்தத்தைச் சோதித்தால்தான் சீ.ஆர்.பி. என்கிற, அழற்சியில் கூடுகிற புரதம் லீற்றருக்கு 3 மில்லிகிராமுக்கு மேலே, 10க்குக் கீழே என்று பிடிவாதமாக நிற்கும். கடுமையான பற்றீரியாத் தொற்றில் அதே அளவு 100ஐத் தாண்டும். அது கொழுந்துவிட்டு எரிகிற நெருப்பு. இது அப்படியல்ல. வீங்காத ஒன்றுக்கு வீக்கம் என்று பெயர் வைத்தால், “எனக்குத்தான் வீக்கமே இல்லையே” என்று ஆள் எழும்பிப் போய்விடுவார்.

சின்ன வயதில் சம்மாந்துறையில் மாமா வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு நெல் மில் இருந்தது. பின்பக்கம் உமியை ஆளுயரத்துக்குக் குவித்து நெருப்பு வைத்துவிடுவார்கள். சுவாலை ஒன்றும் தெரியாது. மேலே சாம்பல் நிறத்தில் மெல்லிய போர்வை, உச்சியில் நூல் மாதிரி ஒரு புகை, அவ்வளவுதான். மழை தூறினாலும் அணையாது. நாலைந்து நாள் உள்ளுக்குள்ளேயே தின்றுகொண்டு போகும். அணைந்துவிட்டது என்று நினைத்து என் தம்பி ஒருநாள் அதற்குள் காலை வைத்துவிட்டான். கணுக்கால் வரைக்கும் போய்விட்டது. அந்தத் தழும்பு இன்றைக்கும் இருக்கிறது.

அந்த உமிக்குவியல்தான் எனக்கு இந்த நோய்க்குப் படம். ‘நீறுபூத்த நெருப்பு’ என்று நம்மிடம் வழக்கும் இருக்கிறது. அழல், கனல், தணல் என்று நெருப்புக்கு வகைவகையாகப் பெயர் வைத்த மொழி இது. அழலிலிருந்து அழற்சி வந்தது. இலத்தீனிலும் அந்தச் சொல்லின் வேர் தீமூட்டுவதுதான். அப்படியென்றால் சுவாலையில்லாமல் உள்ளே கனன்றுகொண்டிருக்கும் அழற்சியை ஏன் ‘தணலழற்சி’ என்று சொல்லக் கூடாது? கனலழற்சியையும் யோசித்தேன். எங்கள் பக்கத்தில் அடுப்படியில் தணல் என்றுதான் சொல்வோம். கனல் பாட்டில்தான் வரும்.

இரண்டாவது சொல் ‘அன்ரி இன்ஃபிளமேற்றரி’, அதாவது அழற்சியைக் குறைக்கிற பொருளுக்குச் சொல்வது. இதில் எனக்கு ஒரு சொந்த மனத்தாங்கல் உண்டு. போன வருடம் பெரியம்மா ஒரு போத்தல் எண்ணெய் வாங்கினார். சுட்டியில் (லேபிளில்) பெரிய எழுத்தில் ‘அழற்சி நீக்கி’ என்று இருந்தது. தமிழ் வாசிக்கத் தெரிந்த மனிசி, வாசித்தபடியே நம்பினார். அழற்சியைத்தான் எண்ணெய் நீக்கப்போகிறதே, பிறகு எதற்குக் குளிசை என்று கிழமைக்கு ஒரு தரம் போடுகிற முடக்குவாதக் குளிசையான மெதோட்ரெக்சேட்டை நிறுத்திவிட்டார். எங்களிடம் சொல்லவுமில்லை. இரண்டு மாதத்தில் விரல் மூட்டுகள் கொவ்வைப்பழம் மாதிரிச் சிவந்து, பிளேன்ரீக் கோப்பையைக்கூட உள்ளங்கை இரண்டாலும் அணைத்துத்தான் தூக்கினார். ‘நீக்கி’ என்ற ஒரு சொல் செய்த வேலை அது.

ஆகவே எண்ணெய் உண்மையில் என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லுக்கு வருவோம்.

ஆளிவிதை எண்ணெயில் பாதிக்கு மேல் ஆல்பா லினோலெனிக் அமிலம். ஒமேகா-3 குடும்பம்தான். ஆனால் மீனில் நேரே கிடைக்கிற ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற நீண்ட அமிலங்களாக அதை மாற்றும் வேலையில் நம் உடம்பு மிகவும் மந்தம். சிறு பங்குதான் மாறும். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் குடியிருந்து சாளையும் சூடையும் தின்கிற எங்களுக்கு, போத்தல் ஆளிவிதை எண்ணெயைவிட அந்த மீன்சட்டியே கிட்டிய வழி. இதைப் பிரசுரத்தில் கட்டாயம் சேர்க்கிறேன்.

ஈவினிங் பிரிம்ரோஸ், போரேஜ் என்ற செடிகளின் வித்து எண்ணெய்களில் காமா லினோலெனிக் அமிலம் உண்டு. முடக்குவாத நோவுக்கு இவை ஓரளவு உதவலாம் என்று, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடுகிற கொக்ரேன் அமைப்பின் மீளாய்வு ஒன்று சொல்கிறது. அதே கொக்ரேன் 2013இல், தோல் கரப்பானுக்கு இவற்றை வாயால் எடுப்பதில் பயன் இல்லை என்று முடிவு சொன்னது. இரண்டும் அழற்சி நோய், எண்ணெய் ஒன்றே, முடிவு வேறு. ‘அழற்சி நீக்கி’ என்று பொதுவாக முத்திரை குத்த முடியாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

நல்லெண்ணெயில் லினோலெயிக் அமிலம் ஏறத்தாழ நாற்பது சதவீதம். இது ஒமேகா-6. இதிலிருந்து அரக்கிடோனிக் அமிலமும், அதிலிருந்து நோவையும் வீக்கத்தையும் கூட்டுகிற புரோஸ்டாகிளான்டின்களும் உண்டாகின்றன என்பதால், வித்து எண்ணெய் எல்லாமே நெருப்பை ஊதிவிடும் என்று இப்போது வட்ஸ்அப்பில் ஒரு பயம் சுற்றுகிறது. மனிதர்களுக்கு லினோலெயிக் அமிலத்தைக் கூட்டிக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் அழற்சிக் குறிகள் அப்படி ஏறவில்லை. அந்தப் பயமும் வேண்டாம்.

ஆகவே என் முன்மொழிவு: ஸ்டீரொய்ட், இபுபுரோபன் மாதிரியான மருந்துகளுக்கு ‘அழற்சியடக்கி’. எண்ணெய்க்கு ‘-இ’ விகுதி போட்ட பெயர் எதையுமே கொடுக்கக் கூடாது. ‘அழற்சி தணிய ஓரளவு துணைசெய்யலாம்’ என்று வினையாகவே எழுதுவோம். பெயராக்கினால் அது பட்டமாகிவிடும். பட்டம் கட்டியவர் சொன்ன வேலையைச் செய்வார் என்றுதானே சனம் நம்பும்?

அடியுங்கள், திருத்துங்கள். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும்.

*

(அக்கரைப்பற்றிலிருந்து)

வணக்கம் தங்கச்சி.

தணலழற்சி நல்ல சொல். ஒரு எச்சரிக்கை மட்டும். சித்த மருத்துவத்தில் வளி, அழல், ஐயம் என்பவை மூன்று உயிர்த்தாதுக்கள். அழல் என்றால் பித்தம். என்னிடம் வைத்தியத்துக்கு வருகிறவர்களில் படித்தவர்கள் ‘அழற்சி’ என்றதும் பித்தம் கூடிவிட்டது என்று எடுத்துக்கொண்டு இளநீரும் வெந்தயமுமாக இறங்கிவிடுகிறார்கள். பிரசுரத்தில் ஒரு வரியாவது போட்டு இரண்டையும் பிரித்துவிடுங்கள்.

இரண்டாவது சொல்லுக்கு எங்கள் சித்த மருந்தியலான குணபாடத்திலேயே ஒரு வாசல் இருக்கிறது. மருந்துகளின் செய்கைப் பெயர்களில் கோழையகற்றி, சிறுநீர்பெருக்கி என்பவற்றோடு ‘உள்ளழலாற்றி’ என்றும் ஒன்று உண்டு. உட்புறச் சவ்வின் எரிவை ஆற்றுகிற மருந்து என்று பொருள். அந்த ‘ஆற்றி’யைக் கவனியுங்கள். அகற்றுவதும் அடக்குவதும் வெளியிலிருந்து செய்கிற காரியம். ஆறுவது அந்தப் பொருளே செய்வது. சோறு ஆறுகிறது, புண் ஆறுகிறது, கோபம் ஆறுகிறது. மூன்றுக்கும் ஒரே வினை.

அழற்சி தானாக ஓய்வதில்லை, அதை ஓயவைப்பதும் உடம்பு முனைந்து செய்கிற ஒரு வேலை என்று இப்போதைய ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் சார்ல்ஸ் செர்ஹான் குழுவினர் 2002 அளவில் பெயரிட்ட ‘ரிசோல்வின்’கள் இந்த வேலையைச் செய்கிற மூலக்கூறுகள். அவை ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. அமிலங்களிலிருந்துதான் பிறக்கின்றன. ஆக, அஸ்பிரின் புரோஸ்டாகிளான்டின் உற்பத்தியை மறிக்கிறது என்று பிரித்தானிய மருந்தியலாளர் ஜோன் வேன் 1971இல் காட்டினாரே, அது ‘அழற்சியடக்கல்’. ரிசோல்வின் செய்வது ‘அழற்சியாற்றல்’. ஆங்கிலத்திலும் இவை இரண்டு வேறு சொற்கள். நாமும் வேறாகவே வைத்திருப்போம்.

காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கத்துக்கு முன்னின்று உழைத்தவர். அந்த ஊர் இருக்கிற அதே கரையோரத்தில் இருந்துகொண்டு இதைப் பேசுவது எனக்கு மனநிறைவாக இருக்கிறது.

*

(காத்தான்குடியிலிருந்து)

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

கருஞ்சீரகம் பற்றி ஒள்ளுப்பம் சொல்ல வேண்டும். மௌத்தை (மரணத்தை)த் தவிர மற்றெல்லா நோய்க்கும் அதில் நிவாரணம் உண்டு என்ற ஹதீஸ் எங்கள் வீடுகளில் குழந்தைக்கும் தெரியும். உம்மம்மா இருந்த காலத்தில் காலையில் தேனோடு ஏழு விதை சாப்பிடுவார். அதை மதித்தே எழுதுகிறேன். அந்த நம்பிக்கையைக் கடைக்காரர் சுட்டியில் ஒட்டி விற்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அதன் எண்ணெயில் தைமோகுவினோன் என்ற பொருள் இருக்கிறது. முடக்குவாதக்காரருக்குக் குளிசையோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்த சிறு ஆய்வுகளில் நோவும் மூட்டு வீக்கமும் கொஞ்சம் குறைந்திருக்கின்றன. குளிசையோடு சேர்த்து, சிறு ஆய்வு, கொஞ்சம். இந்த மூன்றும் தமிழில் விழாமல் வரவேண்டும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் டொக்டரிடம் கேட்காமல் எண்ணெய்க் குளிசை தொடங்கக் கூடாது என்பதையும் பெரிய எழுத்தில் போடுங்கள்.

தணலழற்சியில் ஒரு சந்தேகம். தணலும் நெருப்பு, அழலும் நெருப்பு. ஒன்றையே இரண்டு தரம் சொல்வதாகாதா? ‘மந்த அழற்சி’ போதாதா?

*

(களுவாஞ்சிகுடியிலிருந்து)

இருவருக்கும் நன்றி.

டொக்டர் ஐயா, ‘ஆற்றல்’ என்று தனியே எழுதினால் சக்தி என்ற பொருள் முன்னுக்கு வந்துவிடுகிறது. அதனால் ‘அழற்சி ஆறுதல்’ என்று எடுத்துக்கொள்கிறேன். ஆறுகிறது என்று சொல்லும்போதே அதற்கு நாள் எடுக்கும் என்பதும் சேர்ந்து வருகிறது. அழல் வேறு, அழற்சி வேறு என்ற வரியை முதற்பக்கத்திலேயே போட்டுவிட்டேன்.

காத்தான்குடி நண்பருக்கு: ‘மந்த’ என்றால் சனம் வயிற்று மந்தம் என்று எடுக்கும். அதோடு, மந்தம் என்றால் ஆபத்தில்லை என்ற நினைப்பும் வரும். உமிக்குவியலில் காலை வைத்தவனின் அக்கா நான், அந்தச் சொல்லுக்கு என்னால் சம்மதிக்க முடியாது. நெருப்பு இரண்டு தரம் வருவது உண்மைதான். ஆனால் அழற்சி என்று சொல்லும்போது இப்போது யாருக்கும் நெருப்பு கண்ணில் தெரிவதில்லை, தேய்ந்துபோன சொல். தணல்தான் அதைத் திரும்பக் காட்டுகிறது. உங்கள் மூன்று எச்சரிக்கைகளும் அப்படியே உள்ளே போயிருக்கின்றன.

மூன்றாம் பக்கத்துப் பந்தி இப்போது இப்படி நிற்கிறது:

“முடக்குவாதக்காரர் சிலருக்கு உடம்புக்குள் தணலழற்சி இருக்கும். உமிக்குவியல் மாதிரி, வெளியில் தெரியாமல் நாட்கணக்கில் எரியும். டொக்டர் தரும் அழற்சியடக்கி மருந்தும் முடக்குவாதக் குளிசையும்தான் அதற்கு முதல் வைத்தியம். சில வித்து எண்ணெய்கள் அது தணிய ஓரளவு துணைசெய்யலாம். எண்ணெய் எடுக்கிறோம் என்று குளிசையை நிறுத்த வேண்டாம்.”

நேற்றுப் பின்னேரம் பெரியம்மாவுக்கு வாசித்தேன். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். ‘தணலழற்சி’ வந்த இடத்தில், “ஓம், இரவில அப்பிடித்தான் இருக்கு” என்றார். கடைசி வரி முடிந்ததும் ஒன்றும் பேசவில்லை. எழும்பிப் போய்க் குளிசைப் பெட்டியை எடுத்து, புதன்கிழமைக்குரியது இருக்கிறதா என்று பார்த்தார்.

இன்னும் ஒன்றுதான் மிச்சம்: தணலழற்சியைச் சேர்த்து எழுதுவதா, ‘தணல் அழற்சி’ என்று பிரித்தா? சேர்த்தால் கலைச்சொல்லாக நிற்கும், பிரித்தால் வாசிக்க இலகு. நாளைக்குள் யாராவது சொல்லுங்கள்.