கல்வெட்டுக்கு ஒரு திருத்தம்

அன்பான ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

சைக்கிள்கடை அண்ணையின் அந்தியேட்டிக்கு, முப்பத்தொராம் நாள் கிரியைக்கு, அடிக்கிற கல்வெட்டின் (நினைவுப் புத்தகத்தின்) வரைவைச் சங்கச் செயலாளர் நேற்று இந்தக் குழுவுக்கு அனுப்பியிருந்தார். வாசித்தேன். 'சிறந்த சிவபக்தர், அன்புக் கணவர், பாசமிகு தந்தை' என்று ஒரு வரியில் மனிசனை முடித்திருக்கிறோம். போன வருசம் அடித்த கல்வெட்டிலும் இதே வரிதான். பெயரையும் படத்தையும் மாற்றினால் எங்கள் ஊரில் எவருக்கும் பொருந்தும். செத்தவீட்டில் இருந்துகொண்டு எழுத ஆருக்கு மனம் வரும், பிள்ளைகளில் பிழை இல்லை. ஆனால் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் இருந்து இதை வாசிக்கிற எங்களில் அவரிடம் காத்தடிக்காத ஆள் ஆர்?

முதலில் அந்த 'சிவபக்தர்'. அவர் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகனின் ஆள். வெள்ளிக்கிழமை பின்னேரம் கடை பூட்டு. சைக்கிள் பாரில் கடைசி மகள், கரியரில் அவருடைய மனுசி, எங்கள் அக்கா, உடுப்பிட்டியால் தொண்டைமானாறு. தேவாரம் ஒன்றும் முழுசாக வராது. கேட்டால், "கப்பூகரே வாயைக் கட்டிப்போட்டுச் சத்தமில்லாமல்தான் பூசை செய்யிறார். எனக்கேன் பாட்டு?" என்பார்.

ஆவணி அமாவாசையில் சந்நிதியில் கொடி ஏறினால் பூரணைத் தீர்த்தம் வரைக்கும் கடையில் அவரைப் பிடிக்கேலாது. தேர் அன்று வடமராட்சிச் சைக்கிள் எல்லாம் அங்கேதான் நிற்கும். வீதியோரம் ஒரு மரத்தடியில் சாக்கை விரித்து, பம், தண்ணிச் சட்டி, ஒட்டுப் பெட்டியோடு குந்திவிடுவார். அரோகராச் சத்தம் கேட்டால் நிமிர்ந்து, கிறீஸ் பிரண்ட கையைத் தலைக்கு மேல் கூப்புவார். பிறகு திரும்பவும் ரியூப்புக்குள் தலை. நான் அறிய அவர் சந்நிதித் தேரை ஒருநாளும் முழுசாகப் பார்த்ததில்லை. அக்காவுக்கு அதில் பெரிய கோவம். "சாமி வெளியில வரேக்கையும் இந்த மனிசன் சில்லோடைதான்" என்று எங்கள் முன்னாலேயே ஏசுவா. "அதுவும் சில்லிலைதானேயப்பா வருது" என்று சிரிப்பார்.

வாய் நீளம் என்பதையும் சொல்லவேணும். ஒட்டுப் போடுகிற கால் மணித்தியாலத்தில் "நீர் ஆற்றை பொடியன்?" என்று தொடங்கி எங்கள் அப்பாச்சியின் தமையன் வரைக்கும் போய்விடுவார். ரியூசனுக்கு நான் பிந்திப்போய் வாங்கின அடியில் பாதி அவருடைய கணக்கில்தான்.

1990 இல் சண்டையால் யாழ்ப்பாணத்தில் கரண்ட் நின்ற பிறகு சைக்கிளை அவர் தலைகீழாக நிறுத்தி, டைனமோவில் வயரைக் கொழுவி றேடியோ போட்டது ஞாபகம் இருக்கா? பின்னேரம் பெரியாக்கள் லண்டன் செய்தி கேட்க, நாங்கள் முறை வைத்துப் பெடலைச் சுற்றுவோம். செய்தி முடிய ரேப்பில் கந்தசட்டிக் கவசம். சுற்றுகிறவன் களைத்தால் பாடுகிற ஆளும் சேர்ந்து களைப்பார். "டேய், முருகனுக்கு இழுக்குது, ஆள் மாறு!" என்று உள்ளுக்குள் இருந்து சத்தம் வரும்.

ரயரும் ஒட்டுகிற சொலுசனும் கிடையாமல் போன காலத்தில் ரியூப்பில் ஓட்டை விழுந்த இடத்தைக் கிள்ளிப் பிடித்து, பழைய ரியூப்பில் வெட்டின நாடாவால் இறுக்கிக் கட்டித் தருவார். கட்டின இடம் மொத்தமாக இருக்கும். சில்லுச் சுற்றச் சுற்ற அந்த இடத்தில் ஒரு தட்டுத் தட்டும். இரவில் ஒழுங்கையில் அந்தச் சத்தத்தை வைத்தே அப்பா வருகிறார் என்று அம்மா அடுப்பை மூட்டுவா.

1995 இல் கந்தசட்டி விரதம் முடிந்த கையோடு ஒக்ரோபர் 30, அந்தப் பெரிய யாழ்ப்பாண இடப்பெயர்வு, வந்தது. வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டு, தென்மராட்சிக்குள் போன சனத்தில் ஒரு பகுதி கொடிகாமம், வரணி வழியாக எங்கள் வடமராட்சிப் பக்கம் வந்துசேர்ந்தது. கரியரில் கிழவி, ஹான்டிலில் பானை சட்டி, றிம் எல்லாம் நெளிந்து பக்கிள். கடைவாசலில் வரிசை. அண்ணை விடிய இருந்தால் இருட்டுமட்டும் நிமிரவில்லை. இருட்டின பிறகு விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். வால்ரியூப்புக்குக்கூட ஒரு சதம் வாங்கவில்லை. ஒருவர் காசை வலிந்து நீட்டினபோது மட்டும் எரிந்து விழுந்தார். அவர் கோவப்பட்டு நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

ஆனால் அந்த நாட்களில் அவரை மட்டும் புகழ்ந்துவிட்டுப் போகேலாது. அவர்களுடைய இரண்டு அறை வீட்டில் மூன்று குடும்பம் இருந்தது. அத்தனை பேருக்கும் உலை வைத்தது அக்கா. விரதகாரருக்குப் புறம்பாக, சின்னப் பிள்ளைகளுக்குக் கஞ்சி புறம்பாக. அவர் சில்லுத் திருத்தினது எல்லாருக்கும் தெரியும், வாசலில் நடந்தது. அவ சமைத்தது குசினிக்குள். வரைவில் அவவுக்கு 'அன்னாரின் துணைவியார்' என்று மட்டும் கிடக்கு. இதுதான் எனக்கு முதல் திருத்தம்.

இரண்டாவது, என்னைப் பற்றினது. எங்கள் கோயில் கோபுர வேலைக்குச் சங்கம் காசு சேர்த்த நேரம் அண்ணை பிள்ளையைக் கொண்டு ஒரு மடல் எழுதுவித்தார். கோபுரத்தோடு சேர்த்து, வருகிற சனம் சைக்கிள் விட ஒரு கொட்டிலும் போடலாமோ, வெய்யிலுக்கு ரியூப் வெடிக்குது என்று. "கோபுரத்துக்கு வந்த காசில் கொட்டிலா?" என்று இந்தக் குழுவில் பகிடியாகப் பதில் போட்டது நான்தான். பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து சிரித்தீர்கள். மடல் பழைய சேமிப்பில் இன்னும் இருக்கு, நேற்றிரவு தேடி வாசித்தேன். அவர் அதற்குப் பிறகு எனக்கு எடுத்த ரெலிபோனில் ஒருநாளும் அதைக் கேட்கவில்லை. "அங்கை சைக்கிள் ஓடுறனீரோ?" என்றுதான் கேட்பார். இல்லை, கார் என்றால், "அப்ப வயிறு வைக்கும்" என்பார். வைத்துவிட்டது.

இப்ப கோயில் வாசலில் மோட்டார் சைக்கிள்தான் கூட. அவற்றையும் வெய்யிலில்தான் விடுகிறார்கள்.

கடைசியாக, படம். வரைவில் போட்டிருக்கிறது ஸ்ரூடியோவில் சால்வையோடு எடுத்தது. அதில் அண்ணை கடன் கேட்க வந்த ஆள் மாதிரி முழிக்கிறார். கடைவாசலில் ஒரு சில்லை மடியில் வைத்துக்கொண்டு, காத்தடிக்கிற வாயின் வால்கட்டையைப் பல்லில் கடித்தபடி சிரிக்கிற படம் ஒன்று இருக்கு. 2003 அளவில் ஊருக்குப் போன பாரிஸ் ஆக்களில் ஒருவர் எடுத்தது. ஆரிடம் இருந்தாலும் தேடிப் பாருங்கோ. அச்சுக்குக் கொடுக்க வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். பல்லில் வால்கட்டையோடு கல்வெட்டில் போடுகிறது மரியாதை இல்லை என்று செயலாளர் சொன்னால், அக்காவிடம் நானே கேட்டுவிட்டேன் என்று சொல்லுங்கோ. "அதைத்தான் போடுங்கோ" என்றா.

அன்புடன்,
மேற்கு ஒழுங்கைப் பொடியன்
ரொறன்ரோ