ஒரே ஷிப்ட், ஒரே தண்ணீர். அப்பாவுக்கு மட்டும் ஏன்?

கடலூர், திருப்பாதிரிப்புலியூர்:

அப்பாவுக்கு செவ்வாய், வியாழன், சனி காலை ஷிப்டில் டயாலிசிஸ். பக்கத்துப் படுக்கையில் தேவனாம்பட்டினத்துப் பெரியவர் ஒருவர். இருவருக்கும் சர்க்கரையால் போன கிட்னி, ஏறக்குறைய ஒரே வயது. மிஷினிலிருந்து இறங்கியதும் ஒரே கடையில்தான் இட்லி. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்து, பின்னாலேயே தென்பெண்ணையில் வெள்ளமும் வந்தது. இரண்டு வீட்டுக் குழாயிலும் கலங்கல் தண்ணீர். பிளீச்சிங் பவுடர் போட்டிருக்கிறார்கள் என்ற தைரியத்தில் நாங்கள் காய்ச்சவில்லை, அவர்களும் காய்ச்சவில்லை.

பத்து நாள் கழித்து அப்பாவுக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. தண்ணீராகப் போனது, நிற்கவே இல்லை. பெரியவருக்கு ஒன்றும் இல்லை.

டயாலிசிஸ்காரருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் என்ன ஆகும் என்று வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். வழக்கமாக ஒவ்வொரு முறையும் உடம்பில் தேங்கிய நீரால் இரண்டு, இரண்டரை கிலோ ஏறி வருவார், அந்த நீரைத்தான் மிஷினில் எடுப்பார்கள். அந்த இரண்டு வாரமும் எடை ஏறவே இல்லை. முதல் நாள் யாரும் அதைக் கவனிக்காமல் வழக்கம்போல் நீர் எடுக்க, பிரஷர் சரிந்து, கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு அலறிவிட்டார். இளநீர் கொடு என்கிறார்கள் அக்கம்பக்கத்தில். அதில் இருக்கும் பொட்டாசியம் அவர் இதயத்தையே நிறுத்திவிடலாம் என்று ஒவ்வொருவருக்கும் எப்படி விளக்குவது?

முதல் மலப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. லேபில் இருந்த ஒருவர் அம்மாவைப் பார்த்து, “வீட்ல சுத்தமா வச்சுக்க மாட்டீங்களாம்மா?” என்றார். வாசலில் உட்கார்ந்து அம்மா அழுதது எனக்கு இன்னும் ஆறவில்லை. இதை எழுதுவதே அதற்காகத்தான்.

அப்புறம் கிட்னி டாக்டர் ஒரு தனிச் சாயப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். கிரிப்டோஸ்போரிடியம் என்று வந்தது. குளோரினுக்கு அசையாத ஒட்டுண்ணி. பிளீச்சிங் பவுடர் அதை ஒன்றும் செய்யாது, கொதிக்கவைத்தால்தான் சாகும். நல்ல எதிர்ப்புச் சக்தி உள்ளவருக்குத் தானாகவே அடங்கிவிடுமாம். அப்பாவுக்கு நிட்டாசாக்சனைடு மாத்திரை கொடுத்தார்கள், மெல்ல நின்றது.

“பக்கத்துப் படுக்கைப் பெரியவருக்கு ஏன் வரவில்லை டாக்டர்?” என்று கேட்டேன். அன்று கூட்டம் இல்லை, பொறுமையாகச் சொன்னார். ரத்தத்தில் யூரியாவும் மற்ற கழிவுகளும் தேங்கும்போதே, கிருமியை எதிர்க்கும் டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் சோர்ந்துவிடும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை டயாலிசிஸ்காரர்களுக்கு இரட்டை அளவில் போடுவது அதனால்தான். இது இரண்டு பேருக்கும் பொது. அதற்கு மேல் ஆளுக்கு ஆள் மாறுவது ஜீன். இந்த மாதிரி ஒட்டுண்ணியை அடக்க உடம்பு இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தைச் சுரக்கிறது. அதன் ஜீனில் +874 என்ற இடத்தில் ஒரே ஒரு எழுத்து, சிலருக்கு டி, சிலருக்கு ஏ. ஏ உள்ளவர்களுக்குச் சுரப்பு குறைவு. இன்டர்லூக்கின் 10 என்று இன்னொன்று, அது கிருமியோடு உடம்பு போடும் சண்டையைத் தணிக்கும் புரதம். அதன் ஜீனிலும் இப்படி எழுத்து வேறுபாடு உண்டு. இந்த ஒரு எழுத்தை வைத்து யாருக்கு நோய் வரும் என்று ஜோசியம் சொல்ல முடியாது, டெஸ்டுக்குப் பணம் கட்டாதீர்கள் என்றும் சொன்னார். அப்பாவுக்கு எந்த எழுத்து என்று நாங்கள் பார்க்கவில்லை.

அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் மனதில் நின்றுவிட்டது. 2004-ல் மகாராஷ்டிராவில் ஒரு விவசாயிக்கு, மாடு ஒட்டகத்துக்கு வரும் சர்ரா நோயின் கிருமி ரத்தத்தில் இருந்தது. மனிதருக்கு வரவே கூடாத கிருமி. நம் ரத்தத்தில் உள்ள ஏபிஓஎல்1 என்ற புரதமே அதைக் கொன்றுவிடும். தேடிப் பார்த்தால் அந்த மனிதருக்கு அந்த ஜீனின் இரண்டு பிரதிகளும் பழுது. அதே ஜீனின் வேறு வடிவங்கள் மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு, சர்ரா கிருமியின் உறவுக் கிருமியால் வரும் தூக்க நோயிலிருந்து பாதுகாப்பு தருகின்றன. ஆனால் இரண்டு பிரதியும் அந்த வடிவமாக அமைந்தால் கிட்னி நோய்க்கான ஆபத்து கூடுகிறது. 2010-ல் கண்டுபிடித்தார்களாம். அந்த விவசாயியிடமும் யாராவது சுத்தத்தைப் பற்றிக் கேட்டிருப்பார்களோ என்று நினைத்துக்கொண்டேன்.

புதுச்சேரி, லாஸ்பேட்டை:

சகோதரி, நான் லேப் டெக்னீஷியன். சாதாரணமாகப் பார்த்தால் கிரிப்டோஸ்போரிடியம் தெரியாது. நான்கைந்து மைக்ரான்தான் இருக்கும், ஈஸ்ட் என்று தள்ளிவிடுவோம். டிபி சளிக்குப் போடும் சாயத்தையே கொஞ்சம் மாற்றிப் போட்டால் நீலப் பின்னணியில் சிவப்பாக நிற்கும். ஆனால் சீட்டில் எழுதியிருந்தால்தான் போடுவோம். ‘டயாலிசிஸ் நோயாளி’ என்று சொல்லிக் கேளுங்கள். ஒரு நாள் சாம்பிளோடு விடாதீர்கள், வேறு வேறு நாளில் மூன்று கொடுங்கள். அம்மாவிடம் அப்படிப் பேசியதற்கு எங்கள் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் வருந்துகிறேன்.

நெல்லிக்குப்பம்:

எனக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்து மூன்று வருஷம் ஆகிறது. ஆபரேஷனுக்கு முந்தைய டெஸ்ட்டில் ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்ற குடல் புழு இருந்தது. கரும்புக் கொல்லையில் செருப்பில்லாமல் நடந்த காலத்தில் பாதம் வழியாக ஏறியிருக்கும். உள்ளேயே பெருகிப் பல பத்து வருஷம் இருக்குமாம், எனக்கு ஒரு தொந்தரவும் தெரியவில்லை. கண்டுபிடிக்காமல், மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்காமல் இருக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீராய்டை ஆரம்பித்திருந்தால் நுரையீரல், மூளை வரை பரவியிருக்கும் என்றார்கள். ஐவர்மெக்டின் கொடுத்துச் சரிசெய்த பிறகுதான் தேதி குறித்தார்கள். வழக்கமாகப் போடும் ஒற்றை பூச்சி மாத்திரை இதற்குப் போதாது. ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளை அணு கூடியிருந்தால் இந்தப் புழுவுக்கான டெஸ்ட் பற்றிக் கேளுங்கள். டயாலிசிஸ் வடிகட்டியாலும் அது கூடும், அதனால் சிலர் கண்டுகொள்ள மாட்டார்கள்.

திருப்பாதிரிப்புலியூர்:

நன்றி அண்ணா. அப்பா பெயரும் மாற்றுக்குப் பதிவாகியிருக்கிறது. பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்துப் பார்த்தேன், இரண்டில் ஈசினோஃபில் கூடுதல்தான். செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் காட்டுகிறேன். பக்கத்துப் படுக்கைப் பெரியவரும் வாழ்நாள் முழுக்க மணலில் வெறுங்காலோடு நடந்தவர், அவர் மகனிடமும் சொல்லிவிட்டேன்.